வீடு கட்டும் இடத்தில் பொருள் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சொந்த வீடு கட்டுபவர்கள், சின்ன அளவில் கட்டிக் கொடுக்கும் பில்டர்கள், சைட் சூப்பர்வைசர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. மெட்டீரியலை நீங்களே வாங்கிக் கொடுத்து, மேஸ்திரிக்கு லேபர் கான்ட்ராக்ட் மட்டும் விட்டிருந்தால் எல்லாக் கேள்விகளும் உங்களுக்குப் பொருந்தும். 'வித் மெட்டீரியல்' கான்ட்ராக்ட் என்றால் தரம் பார்க்கும் கேள்விகளை மட்டும் படித்தால் போதும். உதாரணக் கணக்குகள் 1,000 சதுர அடி தளத்துக்குப் போடப்பட்டவை.

விலை ஏறிக்கொண்டே போகிறதே, எல்லாப் பொருளையும் முதலிலேயே வாங்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். அரை கிரவுண்ட் மனையில், அதாவது 1,200 சதுர அடியில், வீட்டுக்கும் சுற்றுச் சந்துக்கும் விட்டது போக மிஞ்சும் இடம் ஒரு லோடு ஜல்லி, ஒரு லோடு எம்-சாண்டு (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), கொஞ்சம் செங்கல்லோடு நிரம்பிவிடும். அதற்கு மேல் வருவதெல்லாம் தெருவுக்குப் போகும், அல்லது வேலை நடக்கும் இடத்திலேயே கொட்டப்பட்டு நாலு தடவை இடம் மாறும். ஒரு யூனிட் (100 கன அடி) ஜல்லியை ஒருமுறை வாரி இடம் மாற்ற ஆகும் சித்தாள் கூலியையும், மண்ணோடு கலந்து போகும் ஜல்லியையும் கூட்டிப் பாருங்கள். விலையில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும்.

சிமென்ட்டை இரண்டு, மூன்று வாரத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள். ஜல்லியும் மணலும் அடுத்த கட்ட வேலைக்கு மட்டும் போதும். விலையைக் கட்டிப் போட வேண்டும் என்றால் கம்பிக்கு அதைச் செய்யலாம். டீலரிடம் அட்வான்ஸ் கொடுத்து, எந்த சைஸில் எத்தனை டன், என்ன விலை, எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, ஃபூட்டிங் (அஸ்திவாரம்), காலம் (தூண்), தளம் என்று கட்டம் கட்டமாக இறக்கிக்கொள்ளுங்கள். 'மொத்தம் 5 டன்' என்று மட்டும் எழுதினால், 8 எம்எம் கேட்கும் நாளில் 'அந்த சைஸுக்கு விலை வேறு சார்' என்பார்கள்.

1,000 சதுர அடி தளத்துக்கு எவ்வளவு பொருள் வேண்டும்?

5 அங்குல கனம் என்றால் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர் கான்கிரீட். எம்20 தரக் கான்கிரீட்டுக்கு 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை சிமென்ட்டும், சுமார் 15 கன அடி எம்-சாண்டும், 30 கன அடி ஜல்லியும் ஆகும். மொத்தத்தில் சிமென்ட் 95 மூட்டை, எம்-சாண்டு 1¾ யூனிட், முக்கால் அங்குல ஜல்லி 3½ யூனிட். பீம் இதில் சேரவில்லை, அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

கம்பியை இப்படிக் குத்துமதிப்பாக முடிவு செய்யக் கூடாது. ஒரு கன மீட்டருக்கு 80 முதல் 100 கிலோ என்று வைத்துப் பணம் ஒதுக்கலாம், அவ்வளவுதான். ஆர்டர் கொடுக்க இன்ஜினீயரின் பார் பென்டிங் ஷெட்யூல் (எந்தக் கம்பி, என்ன நீளம், எத்தனை என்ற பட்டியல்) கையில் இருக்க வேண்டும்.

மணல் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. மேலே சொன்ன 1¾ யூனிட் காய்ந்த மணலுக்கு. லாரியில் வருவது ஈர மணல். ஈரம் பட்ட மணல் உப்பிக்கொள்ளும், அதே எடைக்கு 20 முதல் 25 சதவீதம் கூடுதல் இடத்தை அடைக்கும். அதனால் 2¼ யூனிட் சொல்லுங்கள்.

அந்த உப்பலை சைட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும், கால் மணி நேர வேலை. பக்கங்கள் நேராக உள்ள ஒரு கண்ணாடி ஜாடியில் ஈர மணலை அழுத்தாமல் 20 செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள். அதை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, ஜாடியில் பாதி அளவு தண்ணீர் ஊற்றி, அதே மணலைத் திரும்பப் போட்டுக் குச்சியால் கிளறிப் படிய விடுங்கள். இப்போது 16 செ.மீ. நின்றால், குறைந்த 4-ஐ 16-ஆல் வகுக்க, 25 சதவீத உப்பல். கலவைக்கு ஒரு பெட்டி காய்ந்த மணல் போட வேண்டிய இடத்தில் இந்த மணலை ஒன்றேகால் பெட்டி போட வேண்டும். இதைப் பார்க்காமல் ஈர மணலைச் சம பெட்டி போட்டால் கலவையில் மணல் குறைந்து, சிமென்ட் வீணாகும். மேஸ்திரி 'இன்னும் நாலு மூட்டை வேணும்' என்று கேட்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

லாரியில் வரும் மணல், ஜல்லியை எப்படி அளந்து வாங்குவது?

100 கன அடி ஒரு யூனிட். லாரி வந்ததும், கொட்டுவதற்கு முன், டேப்பை எடுங்கள். பாடியின் உள் நீளம், உள் அகலம் இரண்டையும் அளக்க வேண்டும். வெளிப்புறம் அளந்தால் தகட்டின் கனமும் உங்கள் கணக்கில் ஏறும். உயரத்துக்கு ஓரத்தில் போட்டிருக்கும் கோட்டை நம்பாதீர்கள். மெல்லிய கம்பி ஒன்றை ஒன்பது இடங்களில் அடித்தட்டு வரை குத்திப் பாருங்கள்: நான்கு மூலை, நான்கு பக்க நடுப்பகுதி, சரியான மையம். ஒன்பதையும் கூட்டி ஒன்பதால் வகுத்தால் வருவதுதான் உயரம்.

பாடி 12 அடி நீளம், 7 அடி அகலம் என்று வையுங்கள். 3 அடி உயரம் என்று டிரைவர் சொன்னால் 252 கன அடி, இரண்டரை யூனிட் பில். நடுவில் 3 அடி இருக்கும். மூலைகளில் இரண்டேகால்தான் இருக்கும். சராசரி 2.6 அடி வந்தால் 218 கன அடிதான் உங்களுக்கு வந்திருக்கிறது. ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு காற்று. கம்பி ஒரே ஒரு இடத்தில் மட்டும் சீக்கிரம் முட்டினால் அடித்தட்டு மேடாக இருக்கிறதா என்று, கொட்டியபின் காலி பாடியை ஏறிப் பாருங்கள்.

வழியில் ஆடி ஆடி மணல் கொஞ்சம் அமுங்கும் என்பது உண்மைதான். அதற்காகப் பில்லில் அமுங்காத அளவைப் போட வேண்டியதில்லை. 'சைட்டில் அளந்த அளவுக்குத்தான் பணம்' என்பதை முதல் லோடுக்கு முன்பே பேசிவிடுங்கள், மூன்றாவது லோடில் பேசினால் சண்டைதான் வரும்.

எடைக்கு வாங்கினால் எடைமேடைச் சீட்டில் ஏற்றிய எடை, காலி எடை இரண்டும் இருக்க வேண்டும். எம்-சாண்டு ஒரு யூனிட் 4½ முதல் 5 டன் வரை வரும். ஈரத்தை மறந்துவிடாதீர்கள்: 10 டன் லோடில் 5 சதவீத ஈரம் இருந்தால் சுமார் அரை டன் தண்ணீரை மணல் விலையில் வாங்குகிறீர்கள். லாரியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தால், வடியட்டும் என்று ஓரமாக நிறுத்தச் சொல்வதில் தவறில்லை.

எம்-சாண்டா, கிரஷர் டஸ்ட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிரஷர் டஸ்ட் என்பது ஜல்லி உடைக்கும்போது விழும் கழிவு. எம்-சாண்டு, மணலுக்காகவே கல்லை உடைத்து, வடிவம் திருத்தி, சலித்து, கழுவி எடுப்பது. இரண்டுக்கும் நிறம் ஒன்றேதான், ஏமாறுவது சுலபம். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்து உதறுங்கள். கை முழுக்கச் சாம்பல் பூசியது போல மாவு ஒட்டினால் சந்தேகப்படுங்கள். பிறகு மணியைப் பாருங்கள். சில்லு சில்லாக, ஊசி போலவோ தட்டையாகவோ இருந்தால் டஸ்ட். ஓரளவு உருண்டு, பருமனும் பொடியும் கலந்து இருந்தால் எம்-சாண்டு. மழை பெய்த மறுநாள் குவியலைச் சுற்றி வழவழவென்று சேறு கட்டி நின்றாலும் டஸ்ட் கலந்திருக்கிறது என்றே அர்த்தம்.

ஆற்று மணலுக்குச் செய்யும் உப்புத் தண்ணீர் ஜாடிச் சோதனையை வைத்து எம்-சாண்டைத் தள்ளிவிடாதீர்கள். ஆற்று மணலில் மேலே படிவது வண்டல், 8 சதவீதத்தைத் தாண்டினால் ஆகாது. எம்-சாண்டில் படிவது பாறைத் தூள். ஐ.எஸ். 383 (மணல், ஜல்லிக்கான இந்தியத் தர விதி) இதற்குக் கூடுதல் இடம் கொடுக்கிறது: 75 மைக்ரானைவிட நுண்ணிய தூள் ஆற்று மணலில் 3 சதவீதம் வரை, உடைத்த கல் மணலில் 15 சதவீதம் வரை. அதைச் சரியாகச் சொல்ல லேபில் சல்லடைச் சோதனைதான் வழி, ஒரு வீட்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். குவாரிக்குப் பொதுப்பணித் துறை கொடுத்த தரச் சான்றின் நகலையும் கேளுங்கள்.

பூச்சு வேலைக்கு பி-சாண்டு தனியாக வாங்குங்கள். எம்-சாண்டைச் சலித்துப் பூசினால் பாதி கப்பியாக ஒதுங்கும், சுவரும் சொரசொரப்பாகும்.

சிமென்ட் மூட்டையை எப்படி அடுக்க வேண்டும்?

தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் பலகை. செங்கல்லை நிறுத்தி அதன்மேல் சென்ட்ரிங் பலகை போட்டாலே போதும். சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி. உயரம் 10 மூட்டைக்கு மேல் வேண்டாம். 8-ஐத் தாண்டினால் ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்கே என்று மாற்றி அடுக்குங்கள், இல்லாவிட்டால் சரியும். மேலேயும் நான்கு பக்கமும் தார்ப்பாய் மூட வேண்டும்.

இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். தவறு நடப்பது புது லோடு வரும்போது. இறக்கும் ஆட்கள் பழைய 30 மூட்டையின் முன்னாலேயே புது 100-ஐ அடுக்கிவிட்டுப் போவார்கள். கொத்தனார் கைக்கு எட்டுவதைத்தான் எடுப்பார். அடியில் மாட்டிய அந்த 30 மூட்டை மூன்று மாதம் கழித்துக் கல்லாக வெளியே வரும். எனவே இரண்டு அடுக்கு வையுங்கள், நடுவில் ஆள் நடக்க மூன்று அடி விடுங்கள். ஒரு அடுக்கு தீராமல் இன்னொன்றைத் தொடக் கூடாது. மூட்டையில் அச்சடித்திருக்கும் வாரமும் வருடமும் அடுக்கின்மேல் சாக்பீஸில் பெரிதாக எழுதப்பட்டிருக்கட்டும்.

எண்ணுவதற்கு வசதியாக ஒவ்வொரு அடுக்கையும் 10-இன் மடங்கில் கட்டுங்கள். தூரத்தில் நின்று பார்த்தாலே இருப்பு தெரிய வேண்டும்.

எடையும் பாருங்கள். மூட்டையில் 50 கிலோ சிமென்ட் இருக்க வேண்டும், சாக்கின் எடை தனி. லோடில் 10 மூட்டையை எடை போட்டு சராசரி எடுங்கள். ஒன்று 49.8, ஒன்று 50.3 என்று வந்தால் கவலை இல்லை. சராசரியே 50-க்குக் கீழே போனால் டீலரிடம் பேசுங்கள். இறக்கும்போது ஆட்கள் கொக்கி போட்டு இழுத்தால் ஓட்டை வழியே சிந்துவது சைட்டில் குப்பையாகும், அதை முதல் மூட்டையிலேயே நிறுத்துங்கள்.

மூன்று மாதமான சிமென்ட்டைப் பயன்படுத்தலாமா?

நல்ல இடத்தில் வைத்திருந்தாலும் மூன்று மாதத்தில் பலம் சுமார் 20 சதவீதம், ஆறு மாதத்தில் 30 சதவீதம் குறையும் என்பது பொதுக் கணக்கு. தளம், பீம், காலத்துக்கு லேபில் சோதிக்காமல் போடாதீர்கள். அடி மூட்டை இறுகியிருப்பது வேறு விஷயம், மேல் பாரத்தால் அப்படி ஆகும். தரையில் உருட்டினால் உதிர்ந்துவிடும், அது நல்ல சிமென்ட். விரலால் நசுக்கினாலும் உடையாத கட்டி இருந்தால் ஈரம் ஏறிவிட்டது. அதைச் சலித்துக் கலக்கலாம் என்று சொல்பவர்களிடம், சலித்து விழும் தூளும் அதே ஈரத்தில் கிடந்ததுதானே என்று கேளுங்கள்.

கம்பியில் எடை குறைகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

விட்டத்தை மி.மீ.-இல் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 எம்எம் 0.395, 10 எம்எம் 0.617, 12 எம்எம் 0.888, 16 எம்எம் 1.58, 20 எம்எம் 2.47. ஒரு முழுக் கம்பி 12 மீட்டர். ஆகவே 12 எம்எம் ஒன்று 10.66 கிலோ, 8 எம்எம் ஒன்று 4.74 கிலோ.

கம்பிக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1786 ஒரு தொகுதிக்குக் கொடுக்கும் சலுகை 10 எம்எம் வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 எம்எம் வரை 5 சதவீதம், அதற்கும் மேல் 3 சதவீதம். 12 எம்எம் நூறு கம்பி 1,066 கிலோ இருக்க வேண்டும். 1,010 வந்தால் 5.2 சதவீதம் குறைவு, திருப்பி அனுப்பலாம். 1,030 வந்தால் அது சலுகைக்குள் இருக்கிறது. ஆனால் பில் எதற்கு என்று பாருங்கள். கம்பி எண்ணிக்கையைக் கணக்கு எடையால் பெருக்கி 1,066 கிலோவுக்குப் பணம் வாங்கினால் 36 கிலோ உங்கள் தலையில். எடைமேடை எடைக்குத்தான் பணம் என்றால் நட்டம் இல்லை, மீட்டர் கணக்கில் கொஞ்சம் லாபம்கூட.

நீளமான வண்டி நுழையாத தெருக்களுக்குக் கம்பியை நடுவில் 'யு' போல மடித்துக் கொண்டுவருவார்கள். மடித்த இடத்தை அடித்து நிமிர்த்திப் போட்டால் அங்கே கம்பி சோர்ந்துவிடும். எப்படியும் வெட்ட வேண்டிய கம்பிகள் என்றால் மடிப்பிலேயே வெட்டச் சொல்லுங்கள். காலத்துக்கும் நீள பீமுக்கும் மடிக்காத கம்பிதான் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள்.

துரு ஏறிய கம்பி?

சாக்கால் துடைத்தால் போகும் செந்தூள் பரவாயில்லை. செதில் செதிலாக உரிந்தால், உரித்துவிட்டு ஒரு மீட்டர் வெட்டி எடை போட்டு மேலே சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள். திருவான்மியூர், நீலாங்கரை, எண்ணூர் போலக் கடலை ஒட்டிய இடங்களில் ஒரு மாதத்திலேயே நிறம் மாறும். கம்பியைத் தரையில் போடாமல் 15 செ.மீ. உயரத்தில் கட்டை மேல் அடுக்கி மூடி வையுங்கள். வேலை பல மாதம் நிற்கப் போகிறது, காலம் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால் சிமென்ட் பால் அடித்துவிடுவது நல்லது.

கம்பியில் துண்டு வீணாவதை எப்படிக் குறைப்பது?

வெட்டும் பட்டியல் எழுதாமல் கம்பி கட்டுபவரிடம் கொடுத்தால் அவர் அறை அறையாக வெட்டுவார். ஒரு அறைக்கு 4.1 மீட்டர் வேண்டும் என்று வையுங்கள். 12 மீட்டரில் இரண்டு வெட்டினால் 3.8 மீட்டர் மிஞ்சும், அது ஓரத்துக்குப் போகும். பக்கத்து அறைக்கு 3.8 மீட்டர் தேவை என்றால்? இரண்டு 4.1, ஒரு 3.8, கூட்டினால் சரியாக 12. வீண் ஒரு சாண்கூட இல்லை. எல்லா நாளும் இவ்வளவு அழகாக அமையாது, ஆனால் தளத்தின் எல்லா நீளங்களையும் ஒரே தாளில் எழுதி, பெரியதிலிருந்து வெட்டத் தொடங்கி, மிஞ்சியதில் சிறியதைப் பொருத்தினால் 3 சதவீதத்துக்குள் நிறுத்தலாம். 6, 7 சதவீதம் போனால் பட்டியல் இல்லாமல் வெட்டியிருக்கிறார்கள்.

செங்கல் எத்தனை, எப்படிப் பார்த்து வாங்குவது?

9×4×3 அங்குல சேம்பர் செங்கல்லுக்கு, நாலரை அங்குலச் சுவரில் 100 சதுர அடிக்கு 450, ஒன்பது அங்குலச் சுவரில் 900. உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சூளைக்கும் அளவு மாறும், பத்துக் கல்லை நீளவாக்கில் வரிசையாக வைத்து டேப் பிடியுங்கள். 90 அங்குலம் வர வேண்டிய இடத்தில் 86 வந்தால் கல்லும் கூடுதல், கலவையும் கூடுதல்.

இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு மறுபடி எடை போட்டால் 20 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினால் வேண்டாம். லாரியிலிருந்து சாய்த்துக் கொட்ட விடாதீர்கள், கையால் இறக்கி 10 வரிசை உயரத்துக்கு அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கினால்தான் எண்ண முடியும்.

ரெடிமிக்ஸ் வாங்கினால் இந்தத் தலைவலி எல்லாம் இல்லையே?

கலந்தே வண்டியில் வரும் கான்கிரீட் என்பதால் மணல், ஜல்லி, சிமென்ட் அளக்கும் வேலை இல்லை. வேறு வேலை வரும். ஒவ்வொரு வண்டியின் சீட்டிலும் தரம், கன மீட்டர், கலந்த நேரம் மூன்றையும் பாருங்கள். தண்ணீர் சேர்ந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கி முடிப்பதாகத் திட்டமிடுங்கள். நெரிசல் நேரத்தில் நகருக்குள் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, அதைக் கேட்டுத்தான் ஆர்டர் நேரம் குறிக்க வேண்டும். முதல் வண்டிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் தளத்தில் மூட்டு விழும், அது பின்னால் ஒழுகும்.

இறுகலாக இருக்கிறது என்று டிரைவர் டிரம்மில் தண்ணீர் பைப் விடப் பார்ப்பார். அனுமதிக்காதீர்கள். தேவை என்றால் பிளான்ட் ஆள் அட்மிக்சர் (கலவையை இளக்கும் ரசாயனம்) சேர்க்கட்டும்.

அளவில் சந்தேகம் என்றால் எடைமேடைக்கு அனுப்புங்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ, 6 கன மீட்டர் வண்டியில் ஏற்றிய எடைக்கும் காலி எடைக்கும் வித்தியாசம் 14,400 கிலோ பக்கம் இருக்க வேண்டும். பம்ப் குழாயில் தங்குவதையும் கணக்கில் எடுங்கள்: 125 எம்எம் குழாய் 50 மீட்டர் இழுத்தால் அதற்குள்ளேயே 0.6 கன மீட்டர் நிற்கும். கடைசி வண்டியை, மிச்சம் இருக்கும் பரப்பை டேப் வைத்து அளந்த பிறகு சொல்லுங்கள்.

கியூப் (பலம் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டி) எடுப்பதை விடாதீர்கள். 6 முதல் 15 கன மீட்டர் வரை இரண்டு சாம்பிள், ஒரு சாம்பிளுக்கு மூன்று கியூப்.

போர் தண்ணீரில் கான்கிரீட் போடலாமா?

சோதித்தபின் போடலாம். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு குளோரைடு 500 மி.கி.-க்கு மேல் கூடாது, பி.ஹெச். 6-க்குக் குறையக் கூடாது. ஈசிஆர் ஓரத்தில் பல போர்களில் உப்பு ஏறிவிட்டது, வாயில் வைத்தாலே தெரியும். அங்கே கலக்குவதற்கு லாரித் தண்ணீர் வாங்குங்கள், நீராற்றுவதற்கும் அதே உப்புத் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்ன மாற்ற வேண்டும்?

சிமென்ட் ஒரு வாரத் தேவைக்கு மேல் வேண்டாம். பலகை உயரம் ஆறு அங்குலம் போதாது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் சைட் இருந்தால் சிமென்ட்டை முதல் மாடிக்கு ஏற்றுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த தெருக்களில் தரைத்தள அடுக்கு எந்த உயரத்திலும் பத்திரம் இல்லை.

மணல் குவியலைச் சுற்றி ஒரு வரிசை ஹாலோ பிளாக் வைத்து அணை கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரே இரவு மழையில் கால் யூனிட் மழைநீர் வடிகாலுக்குள் போகும், உங்கள் தெருவே அடுத்த மழைக்குத் தேங்கும். ஈரம் தினமும் மாறும் என்பதால் உப்பல் சோதனையும் தினமும் காலையில்.

தெருவில் கொட்டலாமா?

மாநகராட்சி அனுமதி இல்லாமல் சாலையிலோ நடைபாதையிலோ கொட்டினால் அபராதம் விதிப்பார்கள். வேறு வழியே இல்லாத சந்தில் சின்ன வண்டியில் அரை யூனிட், ஒரு யூனிட்டாக வாங்குங்கள். யூனிட்டுக்குக் கொஞ்சம் விலை கூடும். ஆனால் ஸ்கூட்டர் சறுக்கி யாராவது விழுந்தால் அந்தச் செலவு எதோடும் ஒப்பிட முடியாது.

மேஸ்திரி கேட்கும் சிமென்ட் கணக்குக்கு மேல் போகிறது. திருட்டா?

உடனே அந்த முடிவுக்குப் போகாதீர்கள். ஒரு வாரக் கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். திங்கள் காலை இருப்பு 60 மூட்டை. வாரத்தில் வந்தது 100. சனி மாலை இருப்பு 42. ஆக, போனது 118. நடந்த வேலை: 1,000 சதுர அடி தளம், 95 மூட்டை. 300 சதுர அடி ஒன்பது அங்குலச் சுவர், 100 சதுர அடிக்குச் சுமார் 3 வீதம் 9 மூட்டை. மொத்தம் 104. பதினான்கு மூட்டை எங்கே?

வாட்ச்மேனை விசாரிப்பதற்கு முன் தளத்தின் ஓரத்தில் டேப் வைத்துக் கனத்தை அளந்து பாருங்கள். 5 அங்குலத்துக்குப் பதில் 5½ இருந்தால் கான்கிரீட் பத்து சதவீதம் கூடிவிட்டது, ஒன்பதரை மூட்டை அங்கேயே போய்விட்டது. சென்ட்ரிங் தகடு தொய்ந்தாலும், மட்டக்கட்டை வைக்காமல் போட்டாலும் இந்த அரை அங்குலம் வந்துவிடும். மிஞ்சிய நாலரை மூட்டை சிந்தல், சிமென்ட் பால், பேட்ச் வேலை. சிமென்ட்டில் 3 சதவீதம், ஈரம் எல்லாம் கழித்தபின் மணலில் 10 சதவீதம் வரை ஏற்கலாம் என்பது எங்கள் கணிப்பு. அளந்தும் காரணம் கிடைக்காமல் அதற்கு மேல் இரண்டு வாரம் தொடர்ந்து போனால்தான் வேறு சந்தேகம்.

இன்னொரு ஓட்டை, அளக்கும் பாத்திரம். கடையில் யூனிட், இன்ஜினீயரின் தாளில் கன மீட்டர், கலவை மெஷின் அருகே பாண்டு (சித்தாள் சுமக்கும் சட்டி). மூன்றும் ஒன்றோடொன்று பேசாது. ஒரு சித்தாள் பாண்டை மட்டமாக வாருவார், இன்னொருவர் கோபுரமாக. ஒரு மூட்டை சிமென்ட் 35 லிட்டர். அதே கொள்ளளவில் மரப்பெட்டி செய்யுங்கள்: உள் அளவு 33.3×30 செ.மீ., உயரம் 35 செ.மீ. ஒரு மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. தச்சர் அரை நாளில் முடித்துவிடுவார். இரண்டு கைப்பிடி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் நாள் அது உட்காரும் ஸ்டூலாகிவிடும்.

பதிவேட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். தேதி, சலான் எண், வண்டி எண், சலானில் உள்ள அளவு, நீங்கள் அளந்த அளவு, எந்த வேலைக்குக் கொடுத்தது, இருப்பு, வாங்கியவர் கையெழுத்து. சலான் அளவுக்கும் அளந்த அளவுக்கும் தனித்தனிக் கட்டம் இருப்பது முக்கியம். மாதக் கடைசியில் பில் தீர்க்கும்போது அந்த இரண்டு கட்டத்தையும் கூட்டி டீலர் முன் வையுங்கள்.

காலி சாக்கைத் தினமும் எண்ணிக் கட்டி வையுங்கள். 20 மூட்டை கொடுத்த நாளில் 20 சாக்கு திரும்ப வேண்டும். பழைய முறைதான், இதைவிடச் சுலபமான தணிக்கை இன்னும் வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவது நல்லது, ஆனால் படம் எண்ணிக்கை ஆகாது.

டைல்ஸ் பெட்டிக் கணக்கு ஏன் எப்போதும் இடிக்கிறது?

'இரண்டுக்கு இரண்டு' டைல் உண்மையில் 600×600 மி.மீ. நாலு டைல் பெட்டியை 16 சதுர அடி என்று சொல்வார்கள், இருப்பது 15.5. 1,000 சதுர அடிக்கு 62½ பெட்டி என்று நினைத்தால் 65 ஆகும். வெட்டுச் சேதத்துக்கு 5 சதவீதம், மூலைவாட்டத்தில் பதித்தால் 10 சதவீதம் சேருங்கள். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றா என்று இறக்கும்போதே பாருங்கள். பதித்தபின் வந்த புகாரைக் கடைக்காரர் காதில் வாங்க மாட்டார். இரண்டு பெட்டியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து வருடம் கழித்து பாத்ரூம் குழாய் உடைக்கும்போது அந்த ஷேடு கடையில் இருக்காது.

பைப், வயர், பெயின்ட்?

பிவிசி பைப்பை வெயிலில் போடாதீர்கள், வெளுத்து நொறுங்கும். வயர் சுருள் 90 மீட்டர். பாதி எடுத்த சுருளில் மீதி எவ்வளவு என்று டேக் கட்டுங்கள். சைட்டில் முதலில் காணாமல் போவது வயரும் குழாய்த் திருகுகளும்தான், பூட்டும் அறை தயாராகும்வரை வாங்காமல் இருப்பதே காவல். பெயின்ட்டை ஒரே பேட்சில் வாங்குங்கள்.

மிச்சப் பொருளையும் இடிபாட்டையும் என்ன செய்வது?

ஒரு மீட்டருக்கு மேல் உள்ள 8, 10 எம்எம் துண்டுகளை லின்டல், சன்ஷேடு வேலைக்கு எடுத்து வையுங்கள். அதற்கும் கீழே உள்ளவற்றைக் கிலோ கணக்கில் பழைய இரும்புக்குப் போடலாம், எடை போடும்போது உடன் இருங்கள். அரைச் செங்கல் தரை நிரப்பலுக்கு ஆகும். மிஞ்சும் முழுச் செங்கல்லையும் பிரிக்காத டைல் பெட்டியையும் திரும்ப எடுப்பீர்களா என்று வாங்கும்போதே கேட்டுப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மிஞ்சிய சிமென்ட்டைக் காம்பவுண்ட் சுவருக்கோ சம்ப் மூடிக்கோ அந்த மாதமே தீர்த்துவிடுங்கள். உபயோகமில்லாத இடிபாட்டைக் காலி மனையிலோ ஏரிக்கரையிலோ கொட்டும் வண்டிக்காரரிடம் கொடுக்காதீர்கள். கட்டட இடிபாடுகளைப் பதப்படுத்த மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் ஆலைகள் இருக்கின்றன. கொண்டுபோகும் வழியை உங்கள் மண்டல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, வண்டி எண்ணைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.